எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?

என் முதல் புத்தகத்தை 500 பிரதிகள் அச்சிட்டேன். 500 பிரதிகள் என்றால் பத்துப் பெட்டிகள். இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆறு பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. மூன்று அலமாரியின் தலைமேல் ஏறின. மிச்சம் ஒன்று கதவுக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு அந்தக் கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் கதையை அந்தச் சமயத்தில்தான் படித்தேன். 1849இல் தன் முதல் புத்தகத்தைச் சொந்தப் பொறுப்பில் 1,000 பிரதிகள் அச்சிட்டிருக்கிறார். நான்கு வருடம் கழித்து, விற்காத 706 பிரதிகளைப் பதிப்பாளர் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் அவற்றை முதுகில் சுமந்து மாடி ஏற்றினார். தன்னிடம் இப்போது கிட்டத்தட்ட 900 புத்தகங்கள் கொண்ட நூலகம் இருப்பதாகவும், அதில் 700க்கு மேல் தானே எழுதியவை என்றும் அன்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

நான் ஒரு தங்கும் விடுதியில் நைட் ஆடிட்டராக வேலை பார்க்கிறேன். விடுதியின் அன்றைய வரவு செலவை நள்ளிரவுக்கு மேல் சரிபார்த்து, கணக்கை மூடி, கணினியில் தேதியை மறுநாளுக்கு மாற்றி வைக்கும் வேலை. ஊருக்கெல்லாம் தேதி தானாக மாறும், எங்கள் விடுதிக்கு மட்டும் நான் மாற்ற வேண்டும். பதினொரு வருடமாகச் செய்கிறேன். அந்த வருடங்களில் பார்த்தவர்கள், கேட்டவை எல்லாம் சேர்ந்து 14 சிறுகதைகளாயின. புத்தகத்தின் பெயரை இந்தப் பதிவில் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதுவும் விளம்பரமாகிவிடும், நீங்களும் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

முதல் ஆறு மாதம் எல்லாரும் செய்வதைச் செய்தேன். அட்டைப் படத்தைப் பகிர்ந்தேன். பூக்களோடு ஒரு படம், கண்ணாடியோடு ஒரு படம், மழைத்துளி விழுந்த ஜன்னலோடு ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் நூறு நூற்றைம்பது விருப்பக் குறிகள் விழுந்தன, வாழ்த்துகள் வந்தன. வாங்கியவர்கள் உறவும் நட்புமாக 64 பேர். அவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அந்த நாகரிகம் இரண்டு பக்கமும் இன்றுவரை காப்பாற்றப்படுகிறது.

ஒருநாள் வேலையிடத்தில் வரவேற்பு மேசைப் பையன் கேட்டான், "அக்கா, உங்க புத்தகம் எதைப் பத்தி?" நான் வாயைத் திறந்து, பின்னட்டையில் இருந்ததையே சொன்னேன்: "மனித மனத்தின் ஆழங்களைத் தொடும் கதைகள்." அவன் "ஓ, நல்லது" என்றான். சாவியைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். பாவம், அவன் மேல் தப்பே இல்லை. அந்த வாக்கியத்தை உலகத்தில் எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரு கிணறு தோண்டும் கையேட்டுக்குக்கூடக் கொஞ்சம் பொருந்தும்.

அந்த வாரம்தான் நோட்டு போட்டேன். கணக்கெழுதும் கைக்கு வேறு வழி தெரியாது. முகம் தெரியாதவர் யாராவது நேரடியாக என்னிடம் பிரதி கேட்டால் தேதி, பெயர், அனுப்பிய நாள் எழுதுவேன். கடைசியில் ஒரு கட்டம்: "எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?" எல்லாரிடமும் இந்த ஒரு கேள்வி கேட்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. கேட்டுப் பார்த்தால் மனிதர்களுக்கு அதைச் சொல்லப் பிடித்திருக்கிறது. சிலர் இரண்டு பக்கம் எழுதினார்கள்.

நோட்டில் ஒன்பதாவது பெயர் ஒரு செவிலியர். அவர் எழுதியது இதுதான்: "கூட வேலை பார்க்கும் தோழி சொன்னாள். ஊர் தூங்கும்போது வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாள், நம்மைப் பற்றி, படி என்றாள்."

ஊர் தூங்கும்போது வேலை செய்கிறவர்கள். நான் மூன்று வருடம் எழுதி, இரண்டு பேரிடம் அணிந்துரை வாங்கி, பின்னட்டைக்கு ஒரு வாரம் மண்டையை உடைத்தும் எனக்குக் கிடைக்காத வரி. எங்கோ ஒரு மருத்துவமனையின் இரவுப்பணி அறையில், நான் பார்த்தே இராத ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சாதாரணமாகச் சொன்னது.

எழுத்தாளருக்கு 'பிராண்ட்' வேண்டும் என்று அப்போது எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே நிறம், ஒரே எழுத்துரு, தினம் ஒரு பதிவு, கன்னத்தில் கைவைத்து ஒரு புகைப்படம். புகைப்படம் நானும் எடுத்தேன். பல்வலிக்காரி மாதிரி இருந்தது. அந்தச் செவிலியரின் பதிலைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் பிடிபட்டது: நான் இல்லாத அறையில் ஒரு வாசகர் இன்னொருவரிடம் என்னைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம். அதை நான் எழுத முடியாது. காதில் விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம். அதைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வருகிற ஆள் வழியில் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு ஆளாக என்னை நினைத்துக்கொண்டு, நானே என்னைத் தேடிப் பார்த்தேன். வெட்கக்கேடு.

முதலில் பெயர். அட்டையில் முதலெழுத்தோடு என் பெயர். சமூக ஊடகத்தில் முதலெழுத்து இல்லை, கூடவே பின்னால் கணவர் பெயர். மின்னூல் விற்கும் இடத்தில் ஆங்கில எழுத்தில். என் பெயரின் நடுவில் ஒரு நெடில் வருகிறது, அதற்கு நான் ஓரிடத்தில் ஒற்றை 'ஏ' போட்டிருந்தேன், இன்னோரிடத்தில் இரட்டை 'ஏ'. ஆக மூன்று பெண்கள். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அட்டையில் இருப்பதே எல்லா இடத்திலும் இருக்கும்படி மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இந்தப் பதிவில் ஒரே ஒரு காரியத்தை நீங்கள் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். முதல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னாலேயே செய்தால் இன்னும் நல்லது.

அடுத்தது மின்னூலின் மாதிரிப் பக்கங்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஒரு புத்தகத்தை வாங்கும் முன் அதன் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து விழுக்காட்டை இலவசமாகப் படிக்கலாம். என் புத்தகம் 152 பக்கம். ஆக, மாதிரி ஏறக்குறைய 15 பக்கம். நான் அந்த 15 பக்கத்தில் என்ன வைத்திருந்தேன்? காணிக்கை. ஒரு அணிந்துரை. இன்னொரு அணிந்துரை. என்னுரை. நன்றி, மூன்று பக்கம். பொருளடக்கம். முதல் கதை 15ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. நள்ளிரவில் ஒருவர் வரவேற்பு மேசைக்கு வந்து மணியை அடிக்கிறார், அதோடு மாதிரி முடிந்துவிடுகிறது. வந்தவர் யார், என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ளவே காசு கொடுக்க வேண்டும். மர்மக்கதை என்றால்கூடப் பரவாயில்லை.

அணிந்துரை எழுதித் தந்த இருவரிடமும் பேசினேன். ஒருவர் சிரித்தார், "பின்னால் போடும்மா, நானே அணிந்துரையைக் கடைசியில்தான் படிப்பேன்" என்றார். மற்றவர் கொஞ்ச நாள் பேசவில்லை. மின்னூலில் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினேன். முதல் கதை இப்போது மாதிரிக்குள் முழுதாக வருகிறது. அச்சுப் பிரதியில் ஒன்றும் செய்ய முடியாது, அது கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

கிண்டிலில் புத்தகத்தை ஏற்றும்போது தேடுசொற்கள் எழுத ஏழு கட்டங்கள் தருகிறார்கள். நான் அவற்றில் 'கதை', 'சிறுகதை', 'இலக்கியம்', 'வாழ்க்கை' என்று நிரப்பியிருந்தேன். 'வாழ்க்கை' என்று தட்டச்சு செய்து புத்தகம் தேடுகிறவரின் மனநிலையை நினைத்தால் இப்போது கவலையாக இருக்கிறது. 'இரவுப்பணி', 'நைட் ஷிப்ட்', 'செவிலியர்', 'காவலாளி' என்று மாற்றினேன். பின்னட்டை வாசகத்தைத் தூக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் வரியை நூல் அறிமுகத்தின் தலையில் வைத்தேன். செவிலியரிடம் அனுமதி கேட்டபோது, "அது என் தோழி சொன்னது, அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "அப்படியா சொன்னேன் என்கிறாள்."

இரண்டரை வருடம் கழித்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். முகம் தெரியாதவர்கள் 187 பேர். அதில் 71 பேருக்கு இன்னொரு வாசகர் சொல்லியிருக்கிறார். 38 பேர் சிறு கூட்டங்களில் நான் கதை வாசித்ததைக் கேட்டவர்கள். 29 பேர் நான் மின்னஞ்சலில் அனுப்பும் மாத மடல் மூலம் வந்தவர்கள். சமூக ஊடகப் பதிவைப் பார்த்து வந்தவர்கள் 22. மிச்சம் 27 பேருக்கு எங்கே கேள்விப்பட்டோம் என்று நினைவில்லை. என் உழைப்பின் கணக்கை எடுத்தால் வரிசை அப்படியே தலைகீழ். அந்த 22 பேருக்காகத்தான் மணிக்கணக்கில் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சிறு வாசகர் கூட்டத்தின் கணக்கு இது, இதிலிருந்து உலகத்துக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனால் என் வீட்டுக் கட்டிலுக்கு இதுதான் விதி.

71 எங்கிருந்து தொடங்கியது என்றும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். முடிந்தவரை ஒவ்வொருவரிடமும் "உங்களுக்குச் சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னார்" என்று கேட்டேன். துப்பறிவாளர் மாதிரி. பெரும்பாலான இழைகள் நான் இலவசமாகக் கொடுத்த 45 பிரதிகளில் போய் நின்றன. அதிலும் எல்லாவற்றிலும் இல்லை. பிரபலங்களுக்கும் விமர்சகர்களுக்கும் மரியாதையாகக் கையெழுத்திட்டு அனுப்பிய 25இல் இருந்து ஒன்றும் நகரவில்லை. இரவுப்பணி அறைகளில், செவிலியர்களும் காவலாளிகளும் ஓட்டுநர்களும் உட்காரும் இடங்களில் வைத்துவிட்டு வந்த 20 பிரதிகள்தான் நடந்து போயிருக்கின்றன.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் இதை 1923லேயே செய்திருக்கிறார். முதல் கவிதைத் தொகுப்பு, 300 பிரதிகள், விற்கும் எண்ணமே இல்லை. ஐம்பதோ நூறோ பிரதிகளை ஒரு இலக்கிய இதழின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அங்கே வருகிறவர்கள் கழற்றி மாட்டும் மேலங்கிகளின் பைகளில் போட்டுவிடும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார். அவரும் போட்டுவிட்டார். ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, மேலங்கிக்காரர்களில் சிலர் அவற்றைப் படித்திருந்தார்கள், சிலர் அவற்றைப் பற்றி எழுதியும் இருந்தார்கள். வேடிக்கைக் கதையாக எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கணக்கு தெரிகிறது. தெருவில் போகிறவர் பையில் அவர் போடவில்லை. இலக்கிய இதழின் வாசலுக்கு வருகிறவர்களின் பையில் போட்டார். என்னுடைய மேலங்கிகள் இரவுப்பணி அறையில் மாட்டியிருந்தன, நான் ஒரு வருடம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

மதிப்புரை விஷயத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மின்னூல் வந்த வாரம் சித்தி மகன், பெரியப்பா மகள், ஓரகத்தி என்று பன்னிரண்டு பேரைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போட வைத்தேன். ஒரே நாள், ஏறக்குறைய ஒரே வாக்கியம். "அருமையான நூல், அனைவரும் படிக்க வேண்டும்." ஓரகத்தி மட்டும் நேர்மையாக, "இன்னும் படிக்கவில்லை, ஆனால் நல்லவள்" என்று எழுதிவிட்டாள். குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது, காசுக்கும் எழுதக் கூடாது என்று அமேசானின் விதியே இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எல்லாரிடமும் சொல்லி நீக்கச் செய்தேன். ஓரகத்தியுடையதை நீக்கத்தான் மனசே வரவில்லை. நடுவில் ஒருவர் தொகுப்பாக நூறு மதிப்புரை 'ஏற்பாடு' செய்து தருவதாக மடல் போட்டார். என் புத்தகத்தின் பெயரையே தப்பாக எழுதியிருந்தார். அதனால் தப்பித்தேன், நற்குணத்தால் என்று சொல்ல மாட்டேன்.

ஆசை யாரை விட்டது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் முதல் தொகுப்புக்குத் தானே, பெயர் போடாமல், பத்திரிகைகளில் பாராட்டி மதிப்புரைகள் எழுதினார். அதோடு நிற்கவில்லை. அன்றைய புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் தனக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய பாராட்டுக் கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அவரைக் கேட்காமலேயே, அடுத்த வருடப் பதிப்பின் முதுகுப் பட்டையில் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டார். என் பன்னிரண்டு உறவினர்கள் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மாத மடலைப் பற்றிக் கொஞ்சம். பின்தொடர்பவர்கள் பட்டியல் அந்தந்த நிறுவனத்தின் சொத்து. நாளை கணக்கு முடங்கினால் கையில் ஒன்றும் இருக்காது. மின்னஞ்சல் முகவரிகள் ஒரு கோப்பாக என்னிடம் இருக்கின்றன, வேறு சேவைக்கு மாறினாலும் கூடவே வரும். கணக்கெழுதுகிறவளுக்கு அந்த வித்தியாசம் போதும். மாதம் ஒரு மடல், பணியில் நடந்த ஒரு சம்பவம், புத்தகம் பற்றிக் கடைசியில் ஒரே வரி. எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை ஒரு விழுக்காடு காட்டும். முன்பெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பேன். 2021இல் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் ஒரு தனியுரிமை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்துகிறவர் மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அதிலுள்ள படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும், அதனால் திறந்ததாகவே கணக்கில் விழும். அந்த எண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். யார் பதில் எழுதுகிறார்கள் என்று மட்டும் பார்க்கிறேன். வழக்கமாக நாலைந்து பேர். விடியற்காலை மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்தான் எழுதுவார்கள். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

இப்போது சங்கடமான பகுதி. அந்த வரி நன்றாகவே வேலை செய்துவிட்டது. கூட்டங்களில் என்னை 'இரவுப்பணி எழுத்தாளர்' என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். தூக்கமின்மை பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள். நான் பகலில் எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்குகிறவள். இரண்டாவது புத்தகம் முடிந்துவிட்டது. பள்ளியில் கணக்குப் பாடத்தில் தோற்ற மூன்று அக்கா தங்கைகளைப் பற்றிய நாவல், முழுக்கப் பட்டப்பகலில் நடக்கிறது. முன்பக்கங்களைப் படித்த ஒரு பழைய வாசகர், "இதில் யாருமே ராத்திரி வேலைக்குப் போகவில்லையே மேடம்?" என்றார். ஏமாற்றம் குரலிலேயே தெரிந்தது.

புனைபெயரில் வெளியிடலாமா என்று யோசித்தேன். அகதா கிறிஸ்டி அப்படித்தான் செய்தார். கொலைக்கதை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறாதபடி, மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் ஆறு நாவல்கள். முதலாவது 1930இல் வந்தது, ஏறக்குறைய இருபது வருடம் ரகசியம் வெளியே வரவில்லை. ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. 2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதியவரின் துப்பறியும் நாவல் வந்தது. நல்ல மதிப்புரைகள். மூன்று மாதத்தில் கெட்டி அட்டைப் பிரதி சுமார் 1,500 விற்றதாகச் செய்திகள் கூறின. அவர் 'ஹாரி பாட்டர்' எழுதிய ஜே.கே. ரவ்லிங்தான் என்று ஜூலையில் தெரிந்ததும் அதே புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. உள்ளே ஒரு எழுத்துகூட மாறவில்லை. ரவ்லிங்குக்கே பெயர் இல்லாமல் 1,500 என்றால் எனக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

அதனால் அதே பெயர், அதே ஒற்றை 'ஏ'. பழைய பிரதிகள் இன்னும் 94 இருக்கின்றன, இரண்டு பெட்டிகள். கதவு முழுதாகத் திறக்கிறது. நாவலுக்கு இந்த முறை 200 பிரதிகள்தான் முதலில், காணிக்கை ஒரு வரி, அணிந்துரை கிடையாது. முதல் இருபது பிரதிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் இன்னும் புரியவில்லை. கணக்கில் தோற்றவர்கள் எந்த அறையில் கூடுகிறார்கள்?

போன வாரம் வரவேற்பு மேசைப் பையன், இப்போது மேலாளராகிவிட்டான், மறுபடி கேட்டான். "அக்கா, புதுசு எதைப் பத்தி?"

"குடும்ப உறவுகளின் நுட்பமான..." என்று தொடங்கிவிட்டேன்.

அவன் மெதுவாக மேசைக்கு அடியில் குனிந்தான்.